எதிர் நாற்காலியின் முகம்

“பஸ்ல ஜன்னலோரமா உட்கார்ந்து வந்தீங்களா?”

பானுப்ரியா ஊசி வைத்தியத்துக்கு வந்த அன்று பூவரசன் அவளிடம் முதன்முதலாகக் கேட்டது இதுதான். அதற்குள் அந்தக் கேள்வி அவளுக்குப் புளித்துப்போயிருந்தது. முகம் கோணிப்போன ஒருத்தியைப் பார்த்ததும் காய்கறிக்காரம்மா கேட்டாள், பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார், ஆஸ்பத்திரி வாசலில் செருப்புக்கு டோக்கன் கொடுப்பவர்கூடக் கேட்டார். எதிர்க்காற்று அடித்தால் முகவாதம் வரும் என்று எல்லோருக்கும் உறுதியாகத் தெரிந்திருந்தது. ஆனால் இவன் கேட்டபோது இவனுடைய வலது கன்னமும் தொங்கிக்கொண்டிருந்தது. வலது கண் மூடாமல் தண்ணீர் வழிந்தது. அதைக் கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டு பதிலையும் அவனே சொன்னான்.

“நான் பதினாலு வருஷம் பஸ்ல படிக்கட்டுல நின்னே வந்தவன்ங்க. எவ்வளவோ காத்து. அப்பல்லாம் ஒண்ணும் ஆகலை. வீட்ல பாய்ல படுத்திருந்தப்பதான் போச்சு.”

பானு முகக்கவசத்துக்குள் சிரித்தாள். ஒன்பது நாளில் அதுதான் முதல் சிரிப்பு. பாதி முகம் சிரித்தது, மறுபாதி அப்படியே கிடந்தது.

ஒன்பது நாளைக்கு முன்பு காலையில் வாய் கொப்பளிக்கும்போது இடது ஓரம் வழியாகத் தண்ணீர் தானாக வழிந்தது. துடைத்தாள், மறுபடியும் வழிந்தது. அம்மா வேலம்மாள் வந்து பார்த்துவிட்டு வாசலில் போய் உட்கார்ந்து அழுதாள். பக்கவாதம் என்றே நினைத்துவிட்டாள். பெரியாஸ்பத்திரியில் புருவத்தைத் தூக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, இது பக்கவாதம் இல்லை, முகத்து நரம்பு வீங்கியிருக்கிறது, பெரும்பாலும் திரும்பிவிடும் என்றார்கள். பத்து நாள் மாத்திரை, கண்ணுக்குச் சொட்டு, படுக்கும்போது இமையை மூடி ஒட்டுவதற்குப் பிளாஸ்திரி.

அரியமங்கலம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு பட்டறையின் ஸ்டோரில் பானு வேலை பார்த்தாள். வெல்டிங் ராடும் கையுறையும் எடுத்துக் கொடுக்கிற வேலை. கல்யாணமாகி ஒன்றரை வருடத்தில் தாய்வீட்டுக்குத் திரும்பி வந்தவள். முப்பத்துமூன்று வயதாகிறது. அதிகம் பேசமாட்டாள். இப்போது பேசினால் ‘ப’வும் ‘ம’வும் காற்றாகப் போயின. அதனால் அதையும் விட்டுவிட்டாள். ஆபீசில் இருக்கும் ஷஹனாஸ்தான், எங்க பெரியப்பாவுக்கு இப்படி ஆனப்ப ஸ்ரீரங்கத்துல ஒரு டாக்டரம்மா ஊசி குத்தினாங்க, போய்ப் பாருக்கா என்று அனுப்பிவைத்தாள். ஆஸ்பத்திரியில் கேட்டதற்கு, மாத்திரையை நிறுத்தாமல் போவதென்றால் போய்க்கொள் என்றார்கள்.

கீழ அடையவளஞ்சான் தெருவில், பாத்திரக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது அந்த இடம். டாக்டர் சுபலட்சுமி இயற்கை மருத்துவமும் அக்குபஞ்சரும் படித்தவர். முதல் நாளே ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

“ஊசியே சரி பண்ணிடும்னு நான் சொல்ல மாட்டேன்மா. நிறைய பேருக்கு அதுவாவே திரும்பும். அது வர்ற வழியை நான் கொஞ்சம் கூட்டிப் பெருக்கி வைக்கிறேன், அவ்வளவுதான். மாத்திரையை விட்டுடாதே, பயிற்சியை விட்டுடாதே.”

ஊசி தலைமுடி அளவுக்கு மெல்லியது. உதட்டோரத்தில் ஒன்று, தாடை எலும்பின் மேல் ஒன்று, புருவத்துக்கு மேல் ஒன்று, காதுக்குப் பின்னால் ஒன்று. கடைசி ஊசி மட்டும் முகத்தில் இல்லை. வலது கையில், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கும் சதையில். குத்தும்போது எறும்பு கடித்தது போலிருக்கும், பிறகு அந்த இடம் கனக்கும். அப்படியே இருபது நிமிடம் அசையாமல் பேசாமல் படுத்திருக்க வேண்டும். சில நாள் காதுக்குப் பின்னால் மாலையில் வைத்துக் கட்டும் மாசிப்பத்திரி இலையைச் சுருட்டிக் கொளுத்தி, தோலில் படாமல் சூடு காட்டுவார். அறை முழுக்க சாத்தார வீதிப் பூ மார்க்கெட்டின் வாசனை வரும்.

அந்த இடத்தில் ஒரு கண்ணாடிகூட இல்லை. குளியலறையில் இருந்ததையும் கழற்றிவிட்டிருந்தார். ஊசிக்கு முன்னால் கால் மணி நேரம் முகப்பயிற்சி. மற்ற இடங்களில் அதைக் கண்ணாடி முன் உட்கார்ந்து செய்யச் சொல்வார்கள். சுபலட்சுமியிடம் இரண்டு நாற்காலிகள் எதிரெதிராகப் போட்டிருந்தன. நோயாளிகள் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் செய்ய வேண்டும். கண்ணாடியைப் பார்த்தா உங்க கோணலைப் பார்த்து நீங்க அழுவீங்க, எதிராளியோடதைப் பார்த்தா சிரிப்பீங்க, எனக்கு அந்தச் சிரிப்புதான் வேணும் என்பார்.

பானுவுக்கு இடது பக்கம், பூவரசனுக்கு வலது பக்கம். எதிரெதிராக உட்கார்ந்தால் கோணலுக்கு நேரே கோணல் வரும், நல்லதற்கு நேரே நல்லது. கண்ணாடிக்கு இதைவிடப் பொருத்தமாக ஜோடி கிடைக்காது என்று டாக்டர் அவர்கள் இருவரையும் சேர்த்து உட்கார வைத்தார். செவ்வாயும் சனியும், மாலை நாலரை மணி.

ஒரு ஆணின் முகத்தைக் கால் மணி நேரம் கண்ணெடுக்காமல் பானு பார்த்ததே இல்லை. கட்டியவன் முகத்தைக்கூட அப்படிப் பார்த்ததில்லை, அவனும் இவளைப் பார்த்ததில்லை. இங்கே பார்க்காமல் இருந்தால் டாக்டர் திட்டுவார். புருவத்தைத் தூக்கு, கண்ணை இறுக்கு, பல்லைக் காட்டு, கன்னத்தை உப்பு, விசிலடிப்பது போல உதட்டைக் குவி. பூவரசனின் இடது புருவத்தில் ஒரு தழும்பு இருந்தது. பொறுமை போனால் இடது மூக்கு மட்டும் விரிந்தது. அவனுக்கே தெரியாத இதெல்லாம் அவளுக்கு இரண்டே வாரத்தில் மனப்பாடம்.

அவன் தனியார் டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீரங்கம். ஊதுகுழல் இல்லாமல் வாயாலேயே விசிலடிப்பான். ஒன்று அடித்தால் நிறுத்தம், இரண்டு அடித்தால் புறப்பாடு. காவிரிப் பாலத்தின் நடுவில் அடித்தால் அம்மா மண்டபத்தில் கேட்கும் என்று அவனே சொல்லிக்கொள்வான். எட்டு மாதத்துக்கு முன்பு காதுக்குள் அக்கி கண்டது. வீட்டில் எல்லோரும் சொன்னபடி துறையூர்ப் பக்கம் பானை வனையும் ஒரு வேளாரிடம் போய்க் காவியைக் குழைத்து அக்கி எழுதிக்கொண்டான். எழுதினால் மூன்று நாள் தண்ணீர் படக்கூடாது, வேறு மருந்து கூடாது. நாலாம் நாள் காலையில் வாய் கோணியிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனபோது, அந்த மூன்று நாளில் வந்திருக்க வேண்டும் என்றார்கள். அதைச் சொல்லும்போது மட்டும் அவன் சிரிக்கவில்லை.

விசில் போன கண்டக்டரை முதலாளி வேலையை விட்டுத் தூக்கவில்லை, ஷெட்டில் பஸ் கழுவ வைத்தார். திரும்பவும் படிக்கட்டில் நின்று விசிலடிக்க வேண்டும், பூவரசனுக்கு அதைத் தவிர வேறு ஆசையே இல்லை.

ஊசிக்குப் பிறகு இருவரும் ஒரே பஸ்ஸில் சத்திரம் வரை வருவார்கள். பழைய கூட்டாளிகள் அவனிடம் டிக்கெட் கேட்கமாட்டார்கள். அவன் விடாமல் இரண்டு டிக்கெட் கிழிக்கச் சொல்வான். ஜன்னலோரத்து சீட்டை அவளுக்குக் கொடுத்துவிட்டு, உங்களுக்குத்தான் ஏற்கெனவே அடிச்சிருச்சே, இனிமே என்ன பயம் என்பான். திருவானைக்காவல் தாண்டும்வரை அவன் பேசுவான், அவள் கேட்டுக்கொண்டு வருவாள். மற்றவர்களிடம் பேசும்போது வாயை மூடிக்கொள்ளும் கை, அவனிடம் மட்டும் மடியிலேயே கிடந்தது.

ஐந்தாவது வாரம் ஒரு வியாழக்கிழமை குளிக்கும்போது முகத்துக்குச் சோப்புப் போட்டாள், கண் எரியவில்லை. என்னவோ குறைகிறதே என்று நின்றாள். இடது கண் தானாக மூடியிருந்தது. வாயில் தண்ணீரை வைத்துக் கன்னத்தை உப்பினாள். ஒரு சொட்டு வழியவில்லை.

அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். வேலம்மாள் மறுநாள் வெள்ளிக்கிழமையே சமயபுரம் போய், வேண்டிக்கொண்டபடி வெள்ளித் தகட்டில் அடித்த முகம் ஒன்றை உண்டியலில் போட்டுவிட்டு வந்தாள். எல்லாம் முடிந்தது என்றாள். முடிந்தது என்ற அந்தச் சொல்தான் பானுவைப் பயமுறுத்தியது.

முடிந்தவர்களை அவள் பார்த்திருக்கிறாள். பாலக்கரையிலிருந்து வந்துகொண்டிருந்த வியாகுலம்மாள் பத்து எண்ணும்வரை கன்னத்தில் காற்றைப் பிடித்துவைத்தாள். டாக்டர் கை தட்டினார், அந்தம்மாள் எல்லோருக்கும் ஆளுக்கொரு வாழைப்பழம் கொடுத்துவிட்டுப் படியிறங்கினாள். பிறகு அவளை யாரும் அங்கே பார்க்கவில்லை. எதற்கு வரப்போகிறாள்? மறு வாரமே அவளுடைய நாற்காலியில் வேறொருவர்.

சனிக்கிழமை டாக்டர் கன்னத்தை உப்பச் சொன்னபோது பானு இடது உதட்டைத் தளரவிட்டாள். காற்று புஸ்ஸென்று போனது. “பரவாயில்லம்மா, வரும்” என்றார் டாக்டர். எதிரில் பூவரசனும் உப்பினான், அவனுக்கும் போனது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். அவன் உண்மையாகவே பாதி முகத்தால் சிரித்தான். அவள் மறுபாதியைப் பிடித்து வைத்துக்கொண்டு சிரித்தாள்.

இந்த ஒரு வாரம் மட்டும் என்று நினைத்திருந்தாள். அது நாலு வாரமாயிற்று. முகத்தைக் கோணலாக வைத்திருப்பது பெரிய கஷ்டமில்லை, பழகிய முகம்தானே. கண் சிமிட்டுவதைத்தான் அடக்க முடியவில்லை, இரண்டு இமையும் சேர்ந்து விழுந்துவிடும். அதனால் அடிக்கடி தலையைக் குனிந்தாள். அதைவிடக் கொடுமை அவன் வேடிக்கையாக ஏதாவது சொல்லும்போதுதான். பெருகி வருகிற சிரிப்பில் பாதியை மட்டும் வெளியே விட வேண்டும். வீட்டுக்குப் போனால் இடது தாடை வலித்தது. டாக்டர் கன்னத்தை அழுத்திப் பார்த்துவிட்டு, சதை நல்லாத்தானே இருக்கு, ஏன் வரமாட்டேங்குது என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். நரம்பைச் சோதிக்கப் பெரியாஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். பானு அதை அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்தாள். ஆஸ்பத்திரியில் தேதி கொடுக்கவில்லை என்று டாக்டரிடம் சொன்னாள்.

இதற்கிடையில் அவள் வேறொன்றையும் பார்த்தாள். உதட்டைக் குவிக்கச் சொன்னால் பூவரசன் முதலில் ஒழுங்காக முயற்சி செய்வான். பிறகு வெறுத்துப்போய் விட்டுவிடுவான். விடுகிற அந்த நொடியில், வலது உதட்டோரத்தில், ஒரு கடுகளவு இடம் துடித்தது. முதல் நாள் தன் கண்ணின் மயக்கம் என்றே நினைத்தாள். அடுத்த முறையும் துடித்தது.

அந்தச் சனிக்கிழமை பஸ்ஸில் அவன் வழக்கமான பேச்சைப் பேசவில்லை. பாலம் வந்த பிறகுதான் வாயைத் திறந்தான். துறையூர் ஷெட்டில் வாட்ச்மேன் வேலை காலியாக இருக்கிறதாம், தங்க இடமும் உண்டாம், முதலாளி போகிறாயா என்று கேட்கிறாராம்.

“இதோட நிறுத்திக்கலாம்னு பார்க்கிறேங்க. செவ்வாய்க்கிழமை வந்து டாக்டரம்மாகிட்ட சொல்லிட்டுப் போயிடுறேன்.”

“ஏங்க?”

“உங்களுக்கு ஒன்பதாவது நாளே ஊசி போட ஆரம்பிச்சாங்க. ஒரு நாள் விடாம வர்றீங்க. உங்களுக்கே அசையலை. அக்கி எழுதிக்கிட்டு உட்கார்ந்திருந்த எனக்கா அசையப்போவுது?”

 உங்கள் உதட்டோரம் துடிக்கிறது, நான் பார்த்தேன் என்று பானு எப்படியோ சொல்லிவிட்டாள். அவன் அவளை அன்பாகப் பார்த்தான். ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டான். நாலு மாதமாக எனக்கு ஊசி குத்துகிற டாக்டரே பார்க்காததை நீங்கள் பார்த்துவிட்டீர்களா என்றான்.

சத்திரத்தில் இறங்கியதும் அவளுடைய பஸ் நிற்கும் இடம்வரை கூடவே வந்தான்.

“துறையூர் போனப்புறம் உங்களுக்குப் போன் பண்ணலாங்களா?” என்றான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். “வேற யார்கிட்டயும் என்னால இந்த மூஞ்சியோட பேச முடியலை. நமக்கு ரெண்டு பேருக்கும் சரியாகப்போறதில்லைன்னு ஆனப்புறம், உங்ககூட இருக்கிறப்பதான் எனக்கு நிம்மதியா இருக்கு.”

அவள் நம்பரைச் சொன்னாள். அவன் இரண்டு தரம் சரிபார்த்துப் பதிந்துகொண்டான்.

அன்று மாலை முழுவதும் அவளுக்குத் தரையில் கால் பாவவில்லை. ஞாயிற்றுக்கிழமை சமைக்கும்போது அந்தப் பேச்சை மறுபடி மறுபடி மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். நமக்கு ரெண்டு பேருக்கும் என்றானே, அந்த இடம் வரும்போதெல்லாம் கரண்டி நின்றது. வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும், அவன் போன் வரும். துறையூர் என்ன தூரம், ஒன்றரை மணி நேரம். கோணிய முகத்தோடு ஒருவன், கோணிய முகத்தோடு ஒருத்தி என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கிறவரை அவன் இவளுடையவன். அப்புறம் எப்போதாவது, மெதுவாகத் திரும்புவதுபோலக் காட்டிக்கொள்ளலாம்.

திங்கட்கிழமை பட்டறையிலிருந்து திரும்பும்போது டவுன் பஸ்ஸில் ஒரு கண்டக்டர் இரண்டு விசில் அடித்தான். சுமாரான விசில். பானு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இதைவிடச் சத்தமாக அடிப்பவன் இன்று எங்கேயோ பஸ் கழுவிக்கொண்டிருக்கிறான் என்று நினைத்தாள். அந்தக் கடுகளவு இடம் துடிப்பது உலகத்தில் அவளுக்கு மட்டும்தான் தெரியும். அவள் சொன்னால் அவன் நம்பமாட்டான். நம்புவதற்கு அவனிடம் ஒரே ஒரு சாட்சி இருந்தது, எதிர் நாற்காலியில் இருக்கும் முகம். அது நாலு வாரமாகப் பொய் சொல்லிக்கொண்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை அவன் சலவை செய்த சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தான். டாக்டருக்குக் கொடுக்க ஒரு பையில் ஆப்பிள் வைத்திருந்தான். கடைசித் தடவை, பயிற்சியை முடித்துவிட்டே சொல்கிறேன் என்று அவள் காதில் படும்படி சொல்லிவிட்டு எதிரில் உட்கார்ந்தான்.

புருவம், கண், பல். மூன்றையும் பானு வழக்கம்போலவே செய்தாள். கன்னத்தை உப்புங்க என்றார் டாக்டர்.

அவள் மூச்சை இழுத்து இரண்டு கன்னத்தையும் உப்பினாள். உதடு ஒட்டி நின்றது. டாக்டர் பழக்கத்தில் எண்ண ஆரம்பித்து, நாலில் நிறுத்திவிட்டு அவள் பக்கம் குனிந்தார். பிறகு மெல்ல ஐந்து, ஆறு என்று தொடர்ந்தார். பத்து வந்தபோது அவர் கை தட்டவில்லை. பானு காற்றை விடவில்லை. பூவரசனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனும் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். முதலில் அவன் நல்ல கண் விரிந்தது, சந்தோஷத்தில் இடது உதடு மேலே ஏறியது. அப்புறம் அவள் இரண்டு இமையும் ஒன்றாகச் சிமிட்டுவதைப் பார்த்தான். உதடு இறங்கிவிட்டது.

“எத்தனை வாரமா?” என்று டாக்டர் கேட்டார்.

“நாலு வாரமாங்க.”

அவளுடைய ‘மா’வில் காற்று போகவில்லை. 

“நீ ஏமாத்தினது என்னை இல்லைம்மா” என்றார் டாக்டர்.

பானுவுக்கு அது தெரியும். ஏன் செய்தாள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவளால் சொல்லியிருக்க முடியாது. சொல்ல வந்ததை மட்டும் சொன்னாள். “அவருக்கு வலது ஓரத்துல அசையுதுங்க. ஒழுங்கா குவிக்கும்போது இல்லை. முடியாதுன்னு விடுறாரே, அப்ப.”

டாக்டர் பானுவை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்தார். பூவரசனைக் குவிக்கச் சொன்னார், விடச் சொன்னார். மறுபடி குவிக்க, மறுபடி விட. மூன்றாவது தரம் தன் சுண்டுவிரல் நுனியை அவன் உதட்டோரத்தில் வைத்துக்கொண்டார். 

“இருக்கு” என்றார். “ரொம்பக் கொஞ்சம். ஆனா இருக்கு. பூவரசன், இப்ப நிறுத்தக்கூடாது. நரம்பு டாக்டர்கிட்டயும் ஒரு தடவை காட்டிடுவோம்.”

அவன் வலது கண்ணில் தண்ணீர் வழிந்தது. அது எப்போதும் வழிகிற கண். கைக்குட்டையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தான். பிறகு எழுந்து திரைக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொண்டான். கட்டில் கிறீச்சிட்டது. டாக்டர் ஊசித் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போகும்போது பானுவைப் பார்த்து, உனக்கு இனிமேல் தேவையில்லை, வீட்டில் பயிற்சி மட்டும் செய் என்றார். கடுமையாகச் சொல்லவில்லை.

பானு வெளியே வந்து மாடிப்படியில் சுவரோரமாக உட்கார்ந்தாள். கீழே பாத்திரக்கடையில் யாரோ குடங்களைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருபது நிமிடம் எவ்வளவு நேரம் என்று அவள் உடம்புக்கே தெரியும். முதலில் கை கனக்கும், பிறகு காதுக்குப் பின்னால் சூடு, கடைசியில் தூக்கம் கண்ணைக் கட்டிக்கொண்டு வரும்போது ஊசியை எடுத்துவிடுவார்கள். என்ன சொல்வது என்று யோசித்து வைத்தாள். தப்புதாங்க. அது போதாது. போன் பண்ண வேண்டாம் என்று அவனாகச் சொல்வதற்குள் தானே சொல்லிவிடலாமா? வாய் இப்போது நன்றாகத்தான் இருந்தது. எந்த எழுத்தும் வரும்.

மாசிப்பத்திரிப் புகை கதவிடுக்கு வழியாக வந்தது. கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது.

பூவரசன் வாசலில் குனிந்து செருப்பை மாட்டினான். உதட்டோரத்தில் பொட்டளவு பஞ்சு ஒட்டியிருந்தது. அவள் எழுந்து சுவரோடு ஒதுங்கி நின்றாள். குறுகலான படி. அவன் இறங்கி வந்தபோது அவனுடைய வலது கன்னம் அவளுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. கோபமா, நன்றியா, அழுகையா, எதுவாக இருந்தாலும் அது மறுபக்கத்தில் இருந்தது. அவள் “ஏங்க” என்றாள். அவன் ஒரு படியில் நின்றான். திரும்பவில்லை. பிறகு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மிச்சப் படிகளையும் இறங்கித் தெருவுக்குப் போனான்.